பழைய சர்வரின் கடவுச்சொல்

மார்ச் 3

அன்புள்ள முட்டைக்கண்ணிக்கு,

நீ போனை எடுக்க மாட்டாய் என்று தெரியும். அதனால் உன் கிளை ஆபீசுக்கு வரும் அட்டெண்டர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கை எப்படி இருக்கிறது? அன்றைக்கு நீ எதிர்த்துப் பேசாமல் இருந்திருந்தால் உன் கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தியிருப்பேனா? கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. உனக்குத் தெரியாததா?

நம் கம்பெனியின் லிஃப்ட் கையேடுகளை நான் பார்த்துக்கொள்ளும் பழைய சர்வரிலிருந்து ‘கிட்’ (Git) என்ற புதிய மென்பொருளுக்கு மாற்றும் வேலையை மேலாளர் உன்னிடம் கொடுத்தாராமே. யார், எப்போது, எந்த வரியைத் திருத்தினார்கள் என்ற மொத்த வரலாறும் அந்த ஒரே பெட்டியில்தான் இருக்கிறது. கடவுச்சொல் என் ஒருவனிடம். தலைகீழாக நின்றாலும் உன்னால் ஒரு வரியை நகர்த்த முடியாது. மாதக் கடைசிக்குள் முடிக்காவிட்டால் உன் வேலை போய்விடும். வீட்டுக்கு வா, தருகிறேன்.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 7

உங்களுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வலது மணிக்கட்டில் கம்பி வைத்திருக்கிறார்கள். கதவு காற்றில் சாத்திக்கொண்டது என்று டாக்டரிடம் சொன்னேன். இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறேன்; அவரிடமும் அதையேதான் சொன்னேன். “கதவுக்கு உம்மேல அப்படி என்னம்மா கோபம்?” என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. முன்பு முறிந்த விலா எலும்பு, சுவரில் மோதிய தலை என்று எல்லாமே என் ஒருத்திக்குள்தான் கிடக்கிறது.

இந்த வேலை போனால் எனக்கு வேறு கதியில்லை. கடவுச்சொல்லைக் கொடுத்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.


மார்ச் 12

ஏய்,

கெஞ்சினால் போதாது, நேரில் வந்து காலில் விழு. வெள்ளிக்கிழமை வரை பார்ப்பேன். வராவிட்டால் சம்மட்டியால் அந்தச் சர்வரைச் சுக்குநூறாக்குவேன். அப்படியே உன் அண்ணன் வீட்டுக்கும் வருவேன். இன்னொரு கை மட்டும் உனக்கு எதற்கு?


மார்ச் 17

உனக்கு,

சர்வர் அறையைப் பார்த்தேன். தடுக்க வந்த வாட்ச்மேனின் மண்டையைப் பிளந்திருக்கிறாய். பிழைத்துக்கொள்வாராம். டிஸ்குகளை ஒவ்வொன்றாக உருவித் தரையில் போட்டு அடித்திருக்கிறாய். கண்மண் தெரியாதவன் செய்கிற வேலையா அது? ரத்தம் தெறித்த சட்டையோடும் சம்மட்டியோடும் அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்தாய். உன் கடிதத்தைப் படித்த போலீஸ் அங்கே காத்திருந்தது.

ஒன்று சொல்கிறேன். வரலாற்றை எடுக்க உன் கடவுச்சொல் தேவையே இல்லை. கையேடு எழுதுகிற எல்லோருக்கும் இருக்கிற, படிக்கிற அனுமதி போதும். உன் பேச்சை நம்பி நான் முயன்றே பார்க்கவில்லை. உன் மிரட்டல் வந்த அன்று முயன்றேன். முதல் திருத்தத்திலிருந்து ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. நீ சம்மட்டியைத் தூக்கும்போது எங்கள் பிரிவில் ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் முழு வரலாறும் இருந்தது. கிட்டில் அப்படித்தான், ஒவ்வொரு பிரதியும் முழுப் பிரதி. நீ உடைத்தது காலிப் பெட்டிக்குச் சமம்.

அன்று திருத்தங்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்தபோதே அண்ணனிடம் வாயைத் திறந்தேன். “இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?” என்று அவர் அழுதார். எனக்கும் உன்மேல் இருந்த பயமெல்லாம் ஆத்திரமானது. பிறகு அண்ணி, மேலாளர், டாக்டர், போலீஸ் என்று எல்லோரிடமும் என் கன்னத்தில் விழுந்த முதல் அறையிலிருந்து ஒன்று விடாமல் சொன்னேன்.

இனி நீ என்னை அடித்தே கொன்றாலும் அது அழியாது.

பதில் போடாதே.