நீங்களும் சுதனும் சேர்த்த கணினி

இன்று காலை உங்கள் கணினியின் கண்ணாடிப் பக்கத்தைக் கழற்றித் தூசு துடைத்தேன். உள்ளேயிருந்து அந்தப் புதுச் சாமான் வாசம் வந்தது. கொழும்பிலிருந்து பார்சல் வந்த நாட்களில் முன்னறை முழுக்க நிறைந்து நிற்குமே, அதே வாசம். கல்முனைக் கடற்காற்று ஜன்னல் கம்பியைத் தின்றுவிட்டது, கேற்றைத் தின்றுவிட்டது, இதை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. துணியைக் கீழே போட்டுவிட்டு உங்கள் கதிரையில் இருந்தேன். அழுகை வருமென்றுதான் நினைத்தேன். பழைய எரிச்சல்தான் முதலில் வந்தது.

சுதனை நான் அப்போது கண்டதே இல்லை. திருக்கோவில்காரர், உங்களைவிட இளையவர், கணினியில் விமானம் ஓட்டும் அந்த விளையாட்டில் பழக்கமானவர் என்பது மட்டும் தெரியும். அஸர் தொழுதுவிட்டு வந்து காதில் ஹெட்செட்டை மாட்டினால் நீங்கள் இந்த வீட்டில் இல்லை. இருவருமாகச் சேர்ந்து எந்தெந்த நாட்டுக்கோ பறப்பீர்கள். என்னைக் கண்டிக்குக் கூட்டிப்போகப் பல வருடமாக நாள் பார்த்துக்கொண்டிருந்த மனுசன் நீங்கள்.

பழைய கணினியில் முகில்கள் கட்டி கட்டியாகத் தெரிகின்றன, விமானம் தடக்கித் தடக்கிப் போகிறது என்று சொல்லிப் புதிதாக ஒன்று சேர்க்கத் தொடங்கினீர்கள். கடையில் பொருத்திப் பூட்டி விற்பதை வாங்க உங்களுக்கு மனமில்லை. ஒவ்வொரு பாகமாகத் தெரிந்தெடுக்க வேண்டும். எந்தப் ப்ரொசசர், அதற்கு எந்த மதர்போர்ட் பொருந்தும், கரண்ட் வந்து வந்து போகிற இந்த ஊரில் எந்தப் பவர் சப்ளை தாங்கும், தண்ணீர் ஓடிக் குளிராக்குகிற கூலர் போடுவதா, வெறும் காற்றாடிப் பேன் போதுமா என்று சுதனோடு நாள்கணக்கில் கதைத்தீர்கள். குசினியில் சமைத்தபடி எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். நம் கலியாணத்துக்குக் கூறை எடுக்கப் போன அன்று, கடைக்காரர் விரித்த முதல் சாறியையே காட்டி இது போதும் என்றவர் நீங்கள். ஒரு பேனுக்கு இவ்வளவு யோசனை உங்களுக்குள் இருந்ததென்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அதைவிட, அந்தச் சிரிப்பு. அவர் அங்கே ஏதோ சொல்ல, கதிரை ஆட ஆடச் சிரிப்பீர்கள். எனக்கு அப்படி ஒரு தரமும் சிரித்ததில்லை.

பாகங்களை மூடும் கேசிங் பெட்டி எடுக்கும்போதுதான் ஒருநாள் என்னைக் கூப்பிட்டீர்கள். போனில் இரண்டு படம்.

"புள்ள, இதுல எது வடிவு?"

"கறுப்பு. வெள்ளையெண்டா ஊத்தை தெரியும்."

ஓம் ஓம் என்று தலையாட்டினீர்கள். வந்திறங்கியது வெள்ளை. உள்ளே லைட் எரிந்தால் வெள்ளைதான் எடுப்பாக இருக்குமென்று சுதன் சொன்னாராம்.

"அப்ப அவருக்கிட்டயே கேட்டிரிக்கலாமே" என்றேன். "மறுகா என்னத்துக்கு என்னக் கேட்டீங்க?"

அன்றைக்கு உங்கள் தேத்தண்ணிக்கு நான் சீனி போடவில்லை. ஹெட்செட்டோடு இருந்து முழுவதையும் குடித்து முடித்தீர்கள். சீனி இல்லாதது உங்களுக்குத் தெரியவே இல்லை.

கடைசியில் கிராபிக்ஸ் கார்ட் மட்டும் மிச்சமிருந்தது. நீங்கள் கேட்ட கார்ட் இலங்கைக்கு வரவில்லை என்று காத்திருந்தீர்கள். அது வருவதற்கு முன் ஒருநாள் விடிய, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நெஞ்சை அடைக்கிறதென்று கதிரையில் இருந்தீர்கள். பிறகு எழும்பவில்லை.

நீங்கள் மௌத்தானபின் நான் இத்தாவில் இருக்கும்போது அந்தக் கார்டின் பார்சல் வந்தது. என் கூடப்பிறந்த மூத்தவர், காக்காதான் வாங்கி வைத்தார். உங்கள் ஜனாஸா அடக்கத்துக்கு வந்திருந்த சுதன் காக்காவின் நம்பரை வாங்கிப் போயிருக்கிறார். வந்து அதைப் பூட்டித் தரட்டுமா என்று கேட்டாராம். அந்நிய ஆண்கள் முன் நான் வரக்கூடாத நாட்கள் அவை. உள்ளறையில் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து, நீங்கள் சேர்த்த ஒவ்வொரு பாகத்தையும் அவர் காக்காவுக்கு விளங்கப்படுத்துவதைக் கேட்டேன். எதை ஏன் எடுத்தீர்கள், எதற்கு இருவரும் சண்டை பிடித்தீர்கள், எல்லாம் அவருக்கு மனப்பாடம். பிறகு சுவிட்சைப் போடும் சத்தம். பேன்கள் மெல்லச் சுழலத் தொடங்கின. அப்புறம் அவர் அழுதார். வாய்விட்டு, வெட்கமில்லாமல், உங்கள் கதிரையில் இருந்தே அழுதார்.

எனக்குச் சபூர் செய், பொறுத்துக்கொள் என்று சொல்லாத ஆளில்லை. சத்தம் வராமல் அழப் பழகியிருந்தேன். என் வீட்டில், என் புருசனுக்காக, என்னைவிட உரக்க அழ ஒருவருக்கு முடிந்ததே என்று வயிறு எரிந்தது.

காக்காவுக்கு மனம் இளகிவிட்டது. "தம்பி, இத நீங்களே கொண்டு போங்க. இஞ்ச ஆருக்கும் ஓட்டத் தெரியா."

"அது இஞ்சயே இரிக்கட்டும் காக்கா" என்றேன் திரைக்குப் பின்னாலிருந்து.

முன்னறையிலிருந்து சுதனின் குரல் வந்தது, என்னை அக்கா முறை வைத்து. "ஓம் ராத்தா. இஞ்சதான் இருக்கணும்."

இத்தா முடிந்தபின் நானே அவருக்குப் போனில் கோல் எடுத்தேன். கணினியை எப்படிப் போடுவது, எப்படி நிறுத்துவது என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொல்லித் தந்தார். கேட்க வந்தது அதுவல்ல என்பது எனக்குத் தெரியும். கடைசியில் சுதனிடம் கேட்டுவிட்டேன், அவ்வளவு காலம் கதைத்தீர்களே, அவர் என்னைப் பற்றி என்ன சொல்லுவார் என்று.

"ஒண்டுமே சொல்ல மாட்டார் ராத்தா. நான் கேட்டாலும், அது வீட்டுக் கதை, நீ உயரத்தப் பாத்து ஓட்டு எண்டுருவார்."

முதலில் வலித்தது. ஒரு சொல்கூட இல்லையா என்று தோன்றியது. பிறகுதான் மெல்ல விளங்கியது. முகிலையும் பேனையும் பவர் சப்ளையையும் சுதனுக்குக் கொடுத்துவிட்டு, நம் வீட்டுக் கதை ஒன்றை மட்டும் நீங்கள் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறீர்கள்.

உங்களை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் சுதன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நானா வீட்டில எப்பிடி, ராத்தா?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாவம், அந்தப் பிள்ளை கேட்க ஆசையாகத்தான் இருந்தார்.

"நல்லா இருப்பார்" என்றேன். மிச்சம் என்னிடம்தான் இருக்கிறது. அவருக்குக் கொடுக்க மாட்டேன்.