காய்ச்சல் என்று சொன்ன சாயங்காலம்

இன்று காலை கள்ளக்குறிச்சி சாலையில், கல்வராயன் மலை தெரியத் தொடங்கும் திருப்பத்தில், ஒரு புளியமரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள், அண்ணே. சாலையை அகலப்படுத்துகிறார்களாம். பச்சை மரம் அறுபடும் வாசனை காருக்குள் வந்ததும் கண்ணாடியை ஏற்றினேன். பக்கத்தில் மகள், அவள் மடியில் பேத்தி. மகள் படித்த, சிஸ்டர்கள் நடத்தும் அதே பெண்கள் பள்ளிக்குத்தான் பேத்திக்கு விண்ணப்பம் வாங்கப் போய்க்கொண்டிருந்தோம்.

அண்ணே என்று இப்போதுதான் எழுதுகிறேன். அரிசி ஆலையில் நான் சீட்டு எழுதினேன், நீங்கள் பாய்லர் பார்த்தீர்கள். என்னைவிட ஆறு வயது மூத்த உங்களை நான் நீ, வா, போ என்றேன். நீங்கள் எனக்கு மரியாதை கொடுத்துப் பேசினீர்கள். எங்கள் தெருவுக்கும் உங்கள் தெருவுக்கும் அதுதான் வழக்கம் என்று இருந்துவிட்டேன்.

மகளை ஒன்றாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது என்று அப்போது வீட்டில் ஒரு மாதம் சண்டை. ஊர்ப் பள்ளிக்கு வாத்தியார் வாரத்தில் பாதி நாள்தான் வருவார். "சிஸ்டருங்க கிட்ட வுட்டா சாமிய மாத்திடுவாங்க" என்று சித்தப்பா குதித்தார். எனக்கு அந்த உயரமான மதிலும் கண்டிப்பும் பெண்பிள்ளைகள் மட்டும் என்பதும் பிடித்திருந்தன. ஜெபம் பிடிக்கவில்லை, காதில் விழுந்தால் விழட்டும் என்று விட்டேன். இவ்வளவு தூரத்திலிருந்து பிள்ளையைத் தினமும் நேரத்துக்குக் கொண்டுவந்து விடுவது யார் என்று பெரிய சிஸ்டர் கேட்டபோது, துணைக்கு வந்திருந்த நீங்கள்தான் முன்னே வந்தீர்கள். "எம் பொண்ணு இங்கதான் படிக்குது சிஸ்டர். இதயும் நானே கூட்டியாந்து வுடறேன்."

அந்தச் சொல்லுக்குத்தான் இடம் கிடைத்தது. சைக்கிளின் முன்கம்பியில் துண்டைச் சுற்றி என் மகளை உட்காரவைத்தீர்கள்; உங்கள் மகள் பின்னால் கேரியரில். ஆறு கிலோமீட்டர்.

பிறகு இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருடங்கள் வந்தன. எங்கள் ஆட்கள் கேட்டது நியாயம் என்று இன்றும் சொல்வேன். ஒரு சாயங்காலம் சித்தப்பா வீட்டில் கூடிப் பேசினோம். விடிவதற்குள் சாலையோர மரங்களை வெட்டிக் குறுக்கே போடுவது, வெளியே யாரும் மூச்சு விடக்கூடாது என்று முடிவானது. வீட்டுக்கு வந்தால் வாசலில் நீங்கள்.

"நாளிக்கி பாப்பாவ சீக்கிரமா கெளப்பி வையிங்க. பரீட்சையாம்."

"பாப்பாவுக்கு ஜொரம். உம் பொண்ண மட்டும் கூட்டிக்கினு போ."

உண்மையைச் சொன்னால் நீங்கள் சிஸ்டரிடம் சொல்வீர்கள், சிஸ்டர் போலீசுக்குப் போன் செய்வார், காட்டிக்கொடுத்தவன் என்று எனக்குப் பெயர் வரும். அதற்குப் பயந்தேன். மறைத்ததோடு நிற்காமல், போ என்று வேறு சொன்னேன். காலையில் மகளின் நெற்றியில் பத்துப் போட்டுப் படுக்கவைத்தேன்.

அன்று சாயங்காலம் உங்கள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். "ரோட்ல மரமா கெடக்குதுங்க. ஒரு பக்கம் போலீசு, ஒரு பக்கம் கல்லு. கரும்புக் கொல்லையில பூந்து பூந்து நடந்தே போய்ச் சேந்தோம்." கரும்புத் தோகை அறுத்த கோடுகள் அந்தப் பிள்ளையின் முகமெல்லாம் சிவந்திருந்தன. ஒரு கோடு கண்ணுக்கு வெகு பக்கத்தில் இருந்தது. நீங்கள் சட்டைப் பையிலிருந்து சின்ன சீசா ஒன்றை எடுத்தீர்கள். "பாப்பாவுக்காக சிஸ்டருங்க ஜெபம் பண்ணாங்க. இது மாதா கோயில் எண்ண. நெத்தியில தடவுங்க."

அதற்குள் பின்புறம் பாண்டி ஆடிக்கொண்டிருந்த என் மகள் சில்லும் கையுமாக ஓடிவந்தாள். நீங்கள் அவளைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"நல்லாயிடுச்சிங்களே" என்று மட்டும் சொன்னீர்கள். சீசாவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

இனி வரமாட்டீர்கள் என்று நினைத்தேன். வராமல் இருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். சாலை திறந்த அன்று காலை சைக்கிள் மணி கேட்டது. முன்கம்பியில் துண்டு சுற்றியிருந்தது. அதுவரை மணி அடிப்பதோடு சரி, அன்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டீர்கள்: "இன்னிக்கிப் போலாங்களா?"

அவள் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை தினமும் அதைக் கேட்டுவிட்டுத்தான் பெடலை மிதித்தீர்கள். அதில் குத்தல் இருந்ததா என்று பல வருடம் யோசித்தேன். இல்லை. வழியைப் பற்றித் தெரிந்தவனிடம் பிள்ளைகளுக்காகக் கேட்டீர்கள். "போலாம்" என்பேன். மன்னிப்புக் கேட்க எத்தனை காலைகள் கொடுத்தீர்கள். வெட்கக்கேடு, ஒன்றையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் அடக்கத்தன்றும் கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

மகளுக்கு இன்னும் தெரியாது. பள்ளி வாசலில் பேத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எனக்கு ஒரு தடவ ஜொரம் வந்துச்சி. சைக்கிள் மாமா எண்ண எடுத்துக்கினு வந்தாரு. ஒடனே சரியாயிடுச்சி." உண்மை எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவள் விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"போலாமாப்பா?"

"போலாம்" என்றேன், அண்ணே. இன்றும் அவ்வளவுதான் சொன்னேன்.