நானூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகள்

12 ஜூலை 2006, புதன்

கூடுவாஞ்சேரியில் ரயில் ஏறியதுமே மகளிர் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தது. சேலையூர் ஆபீசில் சேர்ந்து பத்து நாளில் இதுதான் முதல் தடவை.

வேதசிரோமணி சார் இன்றுதான் உருப்படியாக ஒரு வேலை கொடுத்தார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலை. பல்சக்கரங்களை உலையில் வைத்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். உலையின் சூட்டை நிமிடத்துக்கு ஒரு தடவை குறித்துவைக்கும் புரோகிராமை எங்கள் கம்பெனிதான் பதினொரு வருஷத்துக்கு முன்னால் சி மொழியில் எழுதிக் கொடுத்தது. அது ஓடும் பழைய யூனிக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டிக்கு இனி உதிரி பாகம் கிடைக்காது. புதுப் பெட்டி லினக்ஸ், அறுபத்து நான்கு பிட். இருபத்தெட்டாயிரம் வரியையும் சுத்தம் செய்து அதில் ஓடவைக்க வேண்டும். பழைய பெட்டி மூச்சை விடும்வரை அதிலும் ஓட வேண்டும். எந்தப் பெட்டியில் வைத்தாலும் ஓட வேண்டும் என்பதுதான் சாரின் ஆசை.

"மூணு மாசம் பாருங்க அஜீசா. அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

ஏழு வருஷம் வீட்டில் இருந்தவளுக்கு இதுவே அதிகம் என்று நினைக்கிறாரா, இல்லை என் காதில்தான் அப்படி விழுகிறதா? இந்த வேலை எனக்கு நிரந்தரமாக வேண்டும். எழுதிவைக்க வெட்கமில்லை. வேண்டும்.

20 ஜூலை, வியாழன்

இதை எழுதிய மகராசன் பெயர் ஸ்ரீரங்கன். இப்போது அமெரிக்காவில் இருக்கிறாராம். ஏ1, ஏ2, ஏ3 என்று பெயர் வைத்திருக்கிறார் — எது சூடு, எது நேரம், எது உலை எண் என்று ஜோசியம்தான் பார்க்க வேண்டும். மொத்தத்தில் ஒரே ஒரு விளக்கக் குறிப்பு: 'இதைத் தொடாதே.' யாரிடம் சொல்கிறார்? என்னிடமா?

"அவருக்கு மட்டும் புரியற மாதிரி எழுதினதாலதான் எட்டு வருஷம் யாரும் அவரை அசைக்க முடியலக்கா" என்றான் பக்கத்து மேசை மோகன்ராஜ். புரோகிராம்களைப் பரிசோதிப்பது அவன் வேலை.

ராத்திரிச் சாப்பாட்டில் இதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் சாஜித் சிரித்தார். "விவரமான ஆளு. நீ எல்லாத்தையும் தொடைச்சு, யாருக்கும் புரியற மாதிரி வெச்சுட்டா, அப்புறம் உன்னை எதுக்கு வெச்சிக்குவாங்க?"

குழாய்க் கடை வைத்திருப்பவரின் யோசனை. ஆனால் படுத்த பிறகும் அது மண்டையைக் குடைந்தது.

27 ஜூலை

ஏ14 என்பது உலைக் கதவு. ஒன்பது நாள் தேடிக் கண்டுபிடித்தேன்.

4 ஆகஸ்ட், வெள்ளி

இன்று வயிறு வலிக்கச் சிரித்தோம். பழைய பெட்டியில் பதிந்த குறிப்புகளைப் புதுப் பெட்டியில் படித்துப் பார்த்தால் உலையின் சூடு 20,995 டிகிரி. சூரியனின் மேற்பரப்புக்கே அதில் பாதி கிடையாது. உண்மையான சூடு 850.

காரணம் கண்டுபிடிக்க மதியம் ஆனது. ஓர் எண்ணை இரண்டு துண்டாகச் சேமிக்கும்போது பழைய பெட்டி பெரிய துண்டை முதலில் வைக்கிறது, புதுப் பெட்டி சின்னதை முதலில் வைக்கிறது. ஸ்ரீரங்கன் நினைவகத்தில் இருந்ததை அப்படியே அள்ளிக் கோப்பில் கொட்டியிருக்கிறார். உலகத்தில் இன்னொரு பெட்டி இருக்கும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. எந்தத் துண்டு முதலில் என்பதை இனி புரோகிராமே முடிவு செய்யும், பெட்டி அல்ல. நாற்பது வரி எழுதினேன். 850 வந்தது.

மறக்கவில்லை எனக்கு. ஏழு வருஷம் கழித்தும் மறக்கவில்லை.

14 ஆகஸ்ட், திங்கள்

அடுத்தது எச்சரிக்கைகள். நம் சி வரிகளை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், சந்தேகம் வந்தால் எச்சரிக்கை காட்டும். நிற்காது, முணுமுணுத்துக்கொண்டே வேலையை முடிக்கும். எங்கள் புரோகிராமில் 412.

பெரும்பாலும் ஒரே புலம்பல்: 'இது வெறும் எண், நீ முகவரி என்கிறாயே?' நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரியைத்தான் சொல்கிறது. எனக்குத் தெரியாதா, அது முகவரிதான். வரியில் அப்படியே ஓர் உறுதிமொழி எழுதிவிட்டால் கம்பைலர் வாயை மூடிக்கொள்கிறது. சில வரிகள் ஒரு தடவைக்கு அடங்கவில்லை, இரண்டு தடவை போட்டேன்.

16 ஆகஸ்ட்

பூஜ்யம். ஒரு எச்சரிக்கைகூட இல்லை. சார் என் திரையைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். அவர் வாயில் அது பெரிய சொல். மோகன்ராஜ் எல்லோருக்கும் சமோசா வாங்கி வந்தான். வீட்டுக்கு வரும்போது தாம்பரத்தில் மகள் ரூக்சாருக்கு ஒரு கலர் பென்சில் பெட்டி வாங்கினேன். எனக்கும் வளையல்.

24 ஆகஸ்ட், வியாழன்

மானம் போச்சு.

தொழிற்சாலையில் புதுப் பெட்டியை இன்று ஓட்டிக் காட்டினோம். ஒரு மணி நேரக் குறிப்பு, சரி. ஒரு நாள் குறிப்பு, சரி. உலைக்குப் பொறுப்பான கோதண்டம் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஒரு மாசத்துது காட்டு மேடம், ஆடிட்டுக்கு அதான் கேப்பாங்க" என்றார். அழுத்தினேன். புரோகிராம் செத்து விழுந்தது. இன்னொரு தடவை. மறுபடியும்.

"இன்னா மேடம் இது? கெய்வன் பொட்டியே தேவலாம் போலக்கீதே. இருமிகினே இருந்தாலும் வேலை செய்யுது" என்றார். கிண்டல்தான், கோபமில்லை. எனக்கு அழுகை வந்தது. ஆபீசில் நூறு தடவை ஓட்டினேனே, ஒரு தடவைகூட விழவில்லையே, ஏன்? ஏன் இங்க வந்து?

திரும்பும் வழியில் வண்டியில் சார் கேட்டார்: "ஸ்ரீரங்கன் பண்ணி வெச்ச வினையா?"

இருக்கும் சார் என்றேன்.

25 ஆகஸ்ட், வெள்ளி

ஸ்ரீரங்கன் இல்லை. நான்.

காலையிலிருந்து தேடி நாலு மணிக்குப் பிடித்தேன். புதுப் பெட்டியில் முகவரி இரண்டு மடங்கு நீளம். புரோகிராமுக்குள்ளே இடம் ஒதுக்கித் தரும் ஒரு வேலைக்கூறு, அதாவது ஃபங்ஷன், இருக்கிறது. அது என்ன தரும் என்று எந்தக் கோப்பிலும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் கம்பைலர் தானாக 'சின்ன எண்தான் வரும்' என்று வைத்துக்கொண்டு முகவரியைப் பாதியில் வெட்டிவிடுகிறது. சின்னக் குறிப்பு என்றால் முகவரியும் சின்னது, வெட்டினாலும் நஷ்டமில்லை. ஒரு மாதக் குறிப்புக்குத் தூரத்தில் இடம் கிடைக்கிறது, முகவரி பெரிது, பாதி முகவரியை வைத்துக்கொண்டு யார் வீட்டுக் கதவையோ தட்டிச் செத்து விழுகிறது.

கம்பைலர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு தடவை. ஸ்ரீரங்கன் அதன் வாயை மூடவில்லை, கேட்காத மாதிரி இருந்தார். மூடியது நான். ஒரு தடவைக்கு அடங்காததை இரண்டு தடவை மூடினேன், சமோசா வேறு சாப்பிட்டேன்.

யாருக்கும் தெரியாது. பதினைந்து நாள் எடுத்துக்கொண்டு 'ஸ்ரீரங்கன் தப்பைத் திருத்திவிட்டேன்' என்று சொன்னால் முடிந்தது. அந்த ஆள் அமெரிக்காவிலிருந்து வந்து மறுக்கப்போவதில்லை. இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. சொன்னால் என்ன ஆகும்? ஏழு வருஷத்தில் எல்லாம் மறந்துபோச்சு இந்தம்மாவுக்கு என்பார்கள். அதுதானே?

26 ஆகஸ்ட், சனி

சொல்லிவிட்டேன். அரை நாள் ஆபீஸ், சார் கிளம்பப் பையை எடுத்துவிட்டார், அப்போது போய் நின்றேன். "முந்தாநேத்து ஸ்ரீரங்கன் மேல போட்டது பொய் சார். எச்சரிக்கையை எல்லாம் நான்தான் அமுக்கினேன்."

சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எத்தனை இடம்?"

"நானூத்தி பன்னிரண்டு."

"எத்தனை நாள் ஆகும்?"

"மூணு வாரம் சார்."

"கோதண்டத்துக்கிட்ட நீங்களே போன் பண்ணிச் சொல்லிடுங்க. என்னத்துக்குன்னும் சொல்லிடுங்க." பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபமா? தெரியவில்லை. ரயிலில் வண்டலூர் தாண்டும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பசித்தது. இரண்டு நாளாகப் பசிக்கவே இல்லை.

8 செப்டம்பர்

நான் போட்ட உறுதிமொழிகளை ஒவ்வொன்றாக எடுக்கிறேன். எந்த வேலைக்கூறு என்ன தரும், என்ன வாங்கும் என்று ஒரே தலைப்புக் கோப்பில் எழுதி மற்ற எல்லாக் கோப்புகளையும் அதைப் பார்க்க வைத்தேன். கம்பைலரிடம் இருக்கிற எல்லா எச்சரிக்கையையும் காட்டச் சொன்னேன். எண்ணிக்கை தொள்ளாயிரத்துக்கு ஏறியது. மோகன்ராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். எனக்கு என்னவோ நிம்மதியாக இருந்தது. வீட்டில் பிள்ளை சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் பயமில்லை, திடீரென்று சத்தம் நின்றால்தான் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். இது எனக்குத் தெரியாததா? ஏழு வருஷமாகத் தெரிந்ததுதானே.

15 செப்டம்பர்

மிச்சம் இரண்டு எச்சரிக்கை. இரண்டும் நிஜமான தப்புகள். பதினொரு வருஷமாக உட்கார்ந்திருக்கின்றன.

19 செப்டம்பர், செவ்வாய்

ஒரு மாதக் குறிப்பு வந்தது. ஆறு மாதம், வந்தது. பழைய பெட்டியிலும் அதே புரோகிராம், அதே எண்கள். கோதண்டம் இரண்டு காகிதத்தையும் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார்.

"போன்ல என் தப்புன்னு சொன்னியே மேடம், இங்க எந்த கம்பெனிக்காரனும் அப்டி சொன்னது இல்ல. கரண்டு மேல போடுவான், இல்லாட்டி எம்மேல போடுவான்" என்றார். டீ வரவழைத்தார். உலைக்குப் பக்கத்தில் நின்று குடித்த சூடான டீ, வியர்த்து ஊற்றியது, நன்றாக இருந்தது.

3 அக்டோபர், செவ்வாய்

மூன்று மாதம் நேற்றோடு முடிந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நோன்பு வேறு, கேட்கத் தெம்பில்லை. கையில் வேலை இல்லாததால், புதிதாக ஒரு பெட்டி வந்தால் புரோகிராமை எப்படி ஏற்றுவது என்று ஒரு பக்கத்தில் எழுதினேன். யார் வேண்டுமானாலும் செய்யலாம். ராத்திரி வீட்டில் அதைத் திருத்தும்போது சாஜித் எட்டிப் பார்த்தார்.

"உன் சீட்டை நீயே கிழிக்கிறே."

"கிழிஞ்சா கிழியட்டும்" என்றேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தக் காகிதத்தைப் பாதி மறைத்து எழுத எனக்கு வராது.

31 அக்டோபர்

பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. ஆபீசுக்குப் பிரியாணி கொண்டுபோனேன். சார் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார், வேலையைப் பற்றிப் பேச்சே இல்லை.

22 நவம்பர், புதன்

ரூக்சாருக்கு விடிகாலையிலிருந்து காய்ச்சல். 'இன்னைக்கு வர முடியாது சார்' என்று போன் செய்தேன். சரி என்று வைத்துவிட்டார்.

பதினோரு மணிக்கு மோகன்ராஜ் கூப்பிட்டான். தொழிற்சாலையின் இரண்டாவது உலைக்கு வேறொரு வகைப் பெட்டி வந்து இறங்கியிருக்கிறதாம். நான் பார்த்ததே இல்லை.

"நீங்க எழுதின காகிதத்தைப் பார்த்துப் பண்ணேன்க்கா. ஒரு வரி மாத்தல. ஓடுது."

"சூடு எத்தனை காட்டுது?"

"எண்ணூத்தி நாப்பத்தெட்டு. உலைக் கதவைத் திறந்து வெச்சிருக்காங்களாம்."

சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது. நான் ஒருத்தி அங்கே தேவையே படவில்லை. அவனுக்குப் பின்னால் சாரின் குரல் கேட்டது.

"யாருப்பா லைன்ல, அஜீசாவா? லீவுல இருக்கறவங்களை எதுக்குத் தொந்தரவு பண்றே? அடுத்த புரோகிராம் அவங்க வந்து பார்த்துக்கட்டும், அதுக்கு ஒண்ணும் அவசரமில்ல. வை."

மூன்று மாத ஆளுக்கு எங்கள் ஆபீசில் லீவு கிடையாது. வராவிட்டால் வரவில்லை என்று ஒரு கோடு போடுவார்கள், அவ்வளவுதான்.

குழந்தையின் நெற்றித் துணியை நனைத்து மாற்றினேன். சாயங்காலம் சூடு நூறுக்கு இறங்கியது. சாருக்கு மறுபடி போன் செய்து நாளைக்கும் லீவு சொல்லிவிட்டேன்.