ஒன்பதாம் கட்டத்தில் ஐம்பத்திரண்டு

அக்டோபர் 4, புதன்

கடல் காற்று நிற்கவே விடவில்லை. எப்படியோ மூன்றாம் கட்டம் முடிந்தது. கயிறு கட்டிய அந்தச் சதுரத்துக்குள் முப்பத்தெட்டு வகைச் செடி என்று, செடிகளை அடையாளம் சொல்ல வருகிற ஏபெல் எழுதிக் கொடுத்தான். இலைகள் திருப்பி அனுப்பும் வெளிச்சத்தை வைத்து என் கருவி சொன்னது முப்பத்தைந்து. மூன்று வித்தியாசம் பரவாயில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். புக்கு என்கிற வாசனைச் செடியின் இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்த ஏபெல், அதே கையோடு வெள்ளைத் தட்டின் பெட்டிப் பக்கம் போனான். விரலெல்லாம் இலை எண்ணெய்.

"கையை எடு."

"தொடலையே அக்கா. பொட்டியத்தான் நகர்த்தினேன்" என்று சிரித்தான். சிரிப்பு எதற்கு?

ஒவ்வொரு தடவையும் அந்தத் தட்டைத்தான் கருவி முதலில் பார்க்கிறது. இதுதான் முழு வெயில், இதற்குக் குறைந்ததெல்லாம் செடி வைத்துக்கொண்டது என்று அதிலிருந்துதான் கணக்கு. தட்டு கெட்டால் எல்லாம் கெட்டது. இனி அது என்னிடமே இருக்கட்டும்.

அக்டோபர் 5

தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதன் பெட்டியை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். தம்பி டாவி தன் பண்ணையில் நூற்ற கம்பளி கொஞ்சம் கொடுத்திருந்தான். சாயம் இல்லை, சோப்பு இல்லை, சுத்தமான நூல். உட்கார்ந்து ஓர் உறை பின்னினேன். இனிக் கீறலும் விழாது, கண்டவன் கையும் படாது.

அக்டோபர் 9, திங்கள்

ஐந்தாம் கட்டம். ஏபெல் நாற்பத்து நான்கு. கருவி முப்பத்தாறு.

"என்னக்கா, பையில ஆட்டுக்குட்டிய வச்சிருக்கீங்களா? வாடை அடிக்குதே" என்று மூக்கைச் சுளித்தான்.

"உன் மூக்கைச் செடியோட நிறுத்திக்க."

தட்டைப் பறித்துக்கொண்டதில் கோபம் போலிருக்கிறது. இருக்கட்டும்.

அக்டோபர் 12

ஏழாம் கட்டம். அவன் நாற்பத்தேழு, கருவி முப்பத்து மூன்று.

முதலில் மூன்று, பிறகு எட்டு, இப்போது பதினான்கு. மாட்டாமல் இருக்க இருக்கத் துணிச்சல் வருகிறது. அடுத்தது ஒன்பதாம் கட்டம் — அவன் அக்கா தங்கைகள் சந்தைக்குப் பூப்பறிக்கிற சரிவு. செடி வகை குறைவு என்று அறிக்கை போனால் திராட்சை போட உழுதுவிடுவார்கள். அங்கே என்ன எழுதுகிறான் என்று பார்க்கிறேன்.

அக்டோபர் 16

ஐம்பத்திரண்டு! கருவி இருபத்தொன்பது என்கிறது.

கட்டத்தின் நடுவிலேயே உட்கார்ந்து சண்டை போட்டேன். "பூவே இல்லாத குச்சிக்கெல்லாம் பேர் வச்சா எண்ணிக்கை ஏறத்தான் செய்யும்."

"பூ இருந்தா சின்னப் புள்ளகூட சொல்லிரும் அக்கா. பூ இல்லாதப்ப சொல்றதுக்குத்தான என்னைக் கூப்பிட்டாங்க?"

அவன் போனபிறகு முழங்கால் தேய நானே எண்ணினேன். முப்பத்தொன்றுக்கு மேல் ஓடவில்லை. மீதியெல்லாம் ஒரே நாணல், ஒரே குச்சி. முப்பத்தொன்று எங்கே, ஐம்பத்திரண்டு எங்கே? இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அக்டோபர் 17

இந்த ஆய்வை நடத்தும் டாக்டர் நோல்வாசிக்கு எழுதி அனுப்பிவிட்டேன். மூன்று பக்கம்.

அக்டோபர் 19

நோல்வாசி பேசினார். "நீங்க இருபது வருஷம் இந்த வேலைல இருக்கீங்க லீனி அக்கா. விமானம் வந்து மேலேருந்து அளக்குற வரைக்கும் ஏபெல் வரவேண்டாம், சொல்லிட்டேன்."

மாலையில் ஏபெல் கட்டத்துக்குக் கயிறு கட்டுகிற முளைகளையும் சுத்தியலையும் கொண்டுவந்து என் வாசலில் வைத்தான். முளைகளை மண் போகத் துடைத்திருந்தான்.

"முகத்துக்கு நேரா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா."

அவ்வளவுதான் சொன்னான். நியாயத்தைத்தானே செய்தேன்? பிறகு ஏன் சோறு இறங்கவில்லை?

அக்டோபர் 21

மேகம். வேலை இல்லை.

அக்டோபர் 25

வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்திருக்கிறது. விமானம் நான்கு முறை சரிவின் மேல் போய்வந்தது. மேலிருந்து பார்க்கிற கருவிக்கு யாருடைய தங்கை எங்கே பூப்பறிக்கிறாள் என்று தெரியாது. இனி உண்மை வெளிவரும்.

நவம்பர் 2, வியாழன்

ஒன்பதாம் கட்டத்துக்கு விமானம் சொன்ன எண் ஐம்பது.

விமானம் ஓட்டினவன் ஏபெலின் மச்சானா என்ன? கணக்குப் போட்டதில் பிசகு இருக்கும் என்றேன். நோல்வாசி எண்களை வரிசையாகப் படித்தார். பிறகு, "மூணாம் கட்டத்துல மூணு கணக்கும் ஒத்துப்போகுது அக்கா. அதுக்கப்புறம் அவரோடதும் விமானத்தோடதும் ஒண்ணாப் போகுது, உங்களோடது மட்டும் விலகிக்கிட்டே போகுது. தட்டை எங்க வச்சிருந்தீங்க?"

"பத்திரமாத்தான்" என்றேன். புதுத் தட்டு அனுப்புகிறாராம். இப்போது என்னையே சந்தேகப்படுகிறார்கள்.

நவம்பர் 3

உச்சி வெயிலில் இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். புதியது வெள்ளை. என்னுடையது பழைய பல் நிறம்.

உறையை மூக்கருகே கொண்டுபோனேன். ஆடு. வெறும் ஆடு. விரலில் தேய்த்தால் பிசுபிசுப்பு. கழுவாத ரோமத்தில் நூற்ற நூல், அத்தனையும் ஆட்டுக் கொழுப்பு. தினம் கொஞ்சமாகத் தட்டில் இறங்கியிருக்கிறது, தினம் கொஞ்சமாக என் கணக்கு இறங்கியிருக்கிறது.

ஐயோ. அவன் இலை எண்ணெய்க்குப் பயந்து நானே கொழுப்புல ஊறப் போட்டிருக்கேனே. முதல் நாளே சொன்னானே, வாடை அடிக்குதுன்னு. என் புத்தி எங்க போச்சு? வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 4

நோல்வாசிக்குக் கடிதம். நான்கு வரிதான் வந்தது.

பிறகு ஏபெல் வீட்டுக்குப் போனேன். தங்கைகளோடு உட்கார்ந்து பூங்கொத்து கட்டிக்கொண்டிருந்தான். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், கம்பளி உட்பட. மூத்த தங்கை சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் உள்ளே போய்விட்டாள்.

அவன் தன் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. "சரிவு என்ன ஆகும்?" என்றான்.

"ஐம்பத்திரண்டுன்னு எழுதியாச்சு."

நூலைப் பல்லால் அறுத்தான். "அம்பத்து மூணு அக்கா. அன்னைக்கு நீங்க கத்தினப்ப ஒண்ணு மேல உக்காந்திருந்தீங்க."

நவம்பர் 8, புதன்

புதுத் தட்டோடு ஒன்பதாம் கட்டத்தை மறுபடி அளந்தோம். கருவி ஐம்பத்தொன்று என்றது. தட்டு அதன் பெட்டியில் இருக்கிறது, பெட்டி ஏபெலிடம் இருக்கிறது.

அந்த ஐம்பத்து மூன்றாவது உண்மையிலேயே இருக்கிறதா என்று மனம் அரித்தது. முகத்துக்கு நேராகக் கேட்டேன். குனிந்து காட்டினான். நசுங்கிய குச்சியில் புதிதாக இரண்டு இலை.

கம்பளி உறையைத் தூக்கிப் போடப் போனேன். வாங்கிக் காப்பிக் குடுவைக்கு மாட்டிவிட்டான். மத்தியானம் வரை சூடு இருந்தது. லேசாக ஆட்டு வாடை. இரண்டு கோப்பை குடித்தேன்.