வலி அளவு: இரண்டு

நாள் 204. காலை 07:10
செவ்வாய், வடதுருவப் பனி நிலையம். பொறுப்பாளர் பிலோமினா ரொட்ரிகோ, வயது 41. நிலையத்தில் வேறு யாரும் இல்லை.
வெளியே மைனஸ் 88 டிகிரி. துளைப்பான் 63 மீட்டர் ஆழத்தில். நேற்று உருக்கி அனுப்பிய நீர் 410 லிட்டர். தெற்கே பதினோரு கிலோமீட்டரில் உள்ள குடியிருப்பில் ஆறு பேர் இதைத்தான் குடிக்கிறார்கள். மூச்சுக்காற்றையும் இதிலிருந்தே பிரித்தெடுக்கிறார்கள்.
வயிறு: தொப்புளுக்கு வலப்பக்கம், இரண்டு விரல் கீழே. ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கல். ஐந்தே முக்காலுக்குத் தொடங்கியது. பொருமல் உண்டு, வாந்தி இல்லை. மருத்துவப் படிவத்தில் 6 என்று பதிந்தேன்.
படிவம் பூஜ்யம் முதல் பத்து வரை ஓர் எண்ணைத்தான் கேட்கிறது. என்னிடமோ குத்தல், குடைச்சல், முறுக்கல், எரிச்சல், பிசைதல் என்று ஐந்து இருக்கின்றன. ஒன்று போல் ஒன்று இல்லை. எது எப்போது வந்தது, எதைத் தின்றபின் வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று 61ஆம் நாளிலிருந்து இந்த நிலையக் குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். யார் எடுத்துப் படித்தாலும் சரி.

நாள் 206. மதியம் 13:30
துளைப்பான் 64 மீட்டர். ஸ்கேன் பத்தொன்பதாவது முறை. கருவி சொன்னது: காரணம் காணப்படவில்லை.
பூமியிலிருந்து டாக்டர் கோதண்டத்தின் குரல் பதினான்கு நிமிடம் பயணம் செய்து வந்தது.
“மேடம், ரிப்போர்ட் எல்லாம் நார்மல். உங்களுக்கு ஒண்ணுமே இல்லை. தனியா இருக்கீங்க இல்லையா, மனசுல இருக்கிறது உடம்புல காட்டும். மூச்சுப் பயிற்சி பண்ணுங்க. இதையே நினைச்சிட்டு இருக்காதீங்க.”
நான் அனுப்பிய பதில்: “டாக்டர், தனியா இருக்கிறதால வலிக்கலை. வலிக்கும்போது தனியா இருக்கேன். ரெண்டும் வேற வேற. குறிப்பு அத்தனையும் அனுப்பியிருக்கேன். படிச்சீங்களா?”
இன்று அனுப்பிய நீர் 422 லிட்டர்.

நாள் 209. காலை 11:05
தூத்துக்குடியிலிருந்து தங்கை மெர்சி.
“ஏக்கா, ஆபீஸ்ல இருந்து வீட்டுக்கே போன் போட்டாவ. உனக்கு மனசு சரியில்லையாம், நான் பேசித் தேத்தணுமாம். நல்லா குடுத்தேன் பாத்துக்க. எங்க அக்காவுக்கு வலிக்குதுன்னா வலிக்குதுதான், உங்க மிஷினு கண்டுபிடிக்கலைன்னா மிஷினை மாத்துங்கன்னுட்டேன். நீ பாட்டுக்கு எழுது. ஒரு நாளும் விடாத.”
மூன்று முறை கேட்டேன். குடைச்சல், 7. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தபடி துளைப்பானை ஓட்டினேன்.

நாள் 211. மாலை 16:20
தலைமையகத்தின் உத்தரவு: “வரும் 215ஆம் நாள் முதல் பொறுப்பாளர் ஓய்வில் இருப்பார். நிலையம் தானாக இயங்கும். இன்று முதலே, வலி 4க்கு மேல் பதியும் நாட்களில் வெளிக்கதவு திறக்காது. இது அவரது நலன் கருதி எடுக்கப்பட்ட முடிவு.”
என் நலன்! வலி ஐந்துக்கு மேல் போன நாட்கள் இதுவரை நூற்று நாற்பத்தேழு. அந்த நாட்களில் ஒன்றிலாவது நீர் நின்றதா? பட்டியலை அனுப்பிவிட்டேன். உண்மையை எழுதியதற்குப் பரிசு பூட்டிய கதவு.
இனிக் குறைத்து எழுதலாமா என்று நினைத்தேன். மாட்டேன். இன்று 6. எரிச்சல்.

நாள் 213. காலை 06:40
புழுதிப்புயல். வெளியே போனால் சொந்தக் கையை நீட்டினாலும் தெரியாது. குழாயில் ஓட்டம் பூஜ்யம். நான்காவது கிலோமீட்டரில் உள்ள பம்ப் அறையில் சூடேற்றி அணைந்து, வால்வு உறைந்துவிட்டது. பழுது பார்க்கும் ரோபோவை அனுப்பினேன். அது பாதியில் தொடர்பை இழந்தது.
குடியிருப்புத் தலைவர் இதயத்துல்லா:
“அக்கா, தண்ணி நின்னுபோச்சு. இருப்புல உள்ளதை வச்சு முப்பத்தோரு மணி நேரம் மூச்சு விடலாம். புயல் நாலு நாளைக்குக் குறையாதுங்கறாங்க. நாங்க வரலாம்னா குழாய் எங்க பக்கம் மண்ணுக்குள்ள போகுது, வழி தெரியாது.”
என் பக்கம் குழாய் தரைக்கு மேலே போகிறது. தொட்டுக்கொண்டே போகலாம். போக முடிந்தவள் நான் ஒருத்திதான்.

காலை 09:45
குறிப்பேட்டைப் புரட்டினேன். திட உணவு தொடாமல் காலையில் கஞ்சித் தண்ணீர் மட்டும் குடித்த நாட்கள் இருபத்திரண்டு. அவற்றில் பத்தொன்பது நாட்கள் பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை வலி அடங்கியே இருந்திருக்கிறது. நான்கு மணி நேரம். எந்தக் கருவியும் இதைச் சொல்லவில்லை. நான் எழுதியதுதான் சொன்னது.
கஞ்சித் தண்ணீர் குடித்தாயிற்று. உடை மாட்டியாயிற்று. கதவு கேட்டது: வலி அளவு?
உண்மை 5. நான் பதிந்தது 2.
கதவு திறந்தது. இத்தனை நாளில் இதுதான் முதல் பொய். அதைக் கேட்டு வாங்கியது கதவு. இங்கே எழுதுவது உண்மை.

மதியம் 13:05
பம்ப் அறை. இனி எல்லாம் உடைக்குள்ளிருந்து பேசிப் பதிவது. மூன்றேகால் மணி நேரம் குழாயைக் கையால் தடவியே வந்தேன். வலி 3. கணக்கு தப்பவில்லை.
சூடேற்றிக் கம்பி கருகியிருக்கிறது. மாற்றுக் கம்பி பெட்டியில் இருக்கிறது.

14:35
கம்பி மாற்றினேன். வால்வு அசையவில்லை. ஸ்பேனரில் முழு உடம்பையும் தொங்கவிட்டேன். நாலாவது முறை இளகியது.
இதயத்துல்லா கத்தினார்: “வருது அக்கா, வருது! தண்ணி வருது! இங்க எல்லாரும் அழுதுட்டு நிக்கோம்!”
சிரித்தேன். சிரித்ததும் வயிற்றில் சுருக்கென்றது.

15:10
திரும்பக் கிளம்பினேன். இருநூறு மீட்டரில் கால் மடங்கியது. தவழ்ந்து அறைக்கே வந்துவிட்டேன். இந்த வலி அந்த ஐந்தில் எதுவுமில்லை. ஆறாவது. இதற்குப் பெயர் தெரியவில்லை. வயிறு பலகை போல இருக்கிறது. 9.
உடையில் காற்று 17:50 வரை. இங்குள்ள அவசர சிலிண்டரில் இன்னும் இரண்டு மணி நேரம்.
இதயத்துல்லா: “அக்கா, வண்டியில கம்பிவடம் கட்டிட்டு வாரோம். வழி தப்பினா வடத்தைப் பிடிச்சித் திரும்பிருவோம்.”
“வேண்டாம் தம்பி. சொன்னா கேளுங்க. தண்ணி வருதுல்ல, அது போதும்.”
“எங்களுக்குப் போதாது. நீங்க பேசாம மூச்சை மிச்சம் பிடிங்க.”

16:22
பூமியிலிருந்து டாக்டர் கோதண்டம். என் காலைப் பதிவை இப்போதுதான் பார்த்திருக்கிறார்.
“மேடம், ரொம்ப சந்தோஷம்! ஆறுல இருந்து ரெண்டுக்கு இறங்கிருச்சு பாத்தீங்களா? நான்தான் சொன்னேனே, எல்லாம் மனசுதான். இப்படியே மூச்சுப் பயிற்சியை விடாம பண்ணுங்க.”
அவருக்குக் கொடுக்க மூச்சு இல்லை.

18:05
சிலிண்டருக்கு மாறிவிட்டேன். 9. இடப்பக்கம் ஒருக்களித்தாலும் கேட்கவில்லை.
குழாயில் நீர் ஓடும் அதிர்வு முதுகில் தெரிகிறது.

18:50
என்னைக் கண்டெடுப்பவருக்கு.
உயிரோடு இருந்தால் முதலில் வயிற்றைத் தொடாதீர்கள், வலிக்கும். இல்லையென்றால் திறந்து பாருங்கள். சம்மதம் தருகிறேன். பிலோமினா ரொட்ரிகோ, முழு நினைவோடு சொல்கிறேன். நன்றாகத் தேடுங்கள். ஏதாவது கிடைத்தால் மெர்சிக்குச் சொல்லுங்கள்.
கிடைக்காவிட்டால் “ஒன்றுமில்லை” என்று எழுதாதீர்கள். “எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை” என்று எழுதுங்கள். இரண்டும் வேறு. அந்த ஒரு வரிக்காக நான் நூற்றைம்பது நாளாகச் சண்டை போட்டிருக்கிறேன். அதை மாற்ற யாருக்கும் உரிமை இல்லை.

19:31
9. இல்லை, 10. பத்து என்று இதுவரை பதிந்ததே இல்லை. இப்போது பதிகிறேன். பத்து.

19:38
கதவுக்கு வெளியே மஞ்சளாக ஏதோ. வண்டி விளக்கா, கண் செய்யும் வேலையா. இதயத்துல்லா, இந்தப் பக்கம், குழாய்க்கு வலது

19:41
படுத்துக்கொண்டு காத்திருக்க மாட்டேன். எழுந்து நின்று, ஸ்பேனரால் குழாயைத் தட்டப் போகிறேன். ஒன்று. இரண்டு. மூ