நனைந்த மரச்சில்லுகள்

செவ்வாய்க்கிழமை, இரவு

பட்டான்செருவில் எங்கள் ஆலைக்கு, மருந்துக் கம்பெனிகள் ரசாயனம் வைத்துக் கழித்துக்கட்டும் பெட்டி மரம் வருகிறது. அதைக் கழுவி, சில்லுகளாக்கி, அழுத்திப் புதுப் பலகை செய்கிறோம். மரம் சுத்தமாகிவிட்டதா என்று சோதித்துச் சொல்வது என் வேலை. இன்றைய குவியல் மூன்று முறை கழுவியும் தேறவில்லை. கிட்டப் போனாலே கண் எரிந்தது.

மேனேஜரிடம் சொன்னேன். "பலகையானா வாசனை போயிடும் மேடம். தொட்டில் ஆர்டர் இது. நாளைக்குக் காலைல பிரஸ்ஸுக்குப் போயாகணும்" என்றார்.

எல்லோரும் சாப்பிடப் போனதும் குழாயைத் திறந்து குவியல் முழுவதையும் நனைத்துவிட்டேன். ஈரச் சில்லை அழுத்த முடியாது. அது காய்வதற்குள் முதலாளியிடம் பேசிவிடலாம் என்று நினைத்தேன்.

பழி செல்வத்தின் மேல் விழுந்தது. கழுவும் தொட்டி அவர் பொறுப்பு. குழாயை மூடாமல் போனாரென்று மேனேஜர் அவரை வேலையை விட்டே அனுப்பிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். உண்மையைச் சொன்னால் என்னையும் அனுப்பிவிட்டு, காய்ந்ததும் அதையே அழுத்துவார்கள். சொல்லாவிட்டால் செல்வம்...

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது அவரே போன் செய்தார்.

"ஹவ், ஆமா மேடம், தண்ணி ஓடிச்சு. ஆனா நான் குழாயை மூடிட்டுத்தான் சாப்பிடப் போனேன். யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

"எனக்குத் தெரியும் செல்வம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.



"உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?"

ஆட்டோ இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் மறுபடி கூப்பிடவே இல்லை.