ஸ்பிரிங் இன்னும் வரவில்லை

ஆட்டர் கிரீக், மிசௌரி
மார்ச் 8, சனிக்கிழமை

அன்பு மகள் டெலாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இருக்கிறோம். என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். கேட்கவே கூடாது என்று, உன் முகவரியை மறைத்துவைக்கும் அந்த அலுவலகத்துப் பெண் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். தலைநகரத்தில் இருக்கும் அவர்கள் முகவரிக்கு எழுதினால் அங்கிருந்து உனக்கு அனுப்புவார்களாம். பெற்ற மகளுக்குக் கடிதம் போட்டுவிட்டு, அது வடக்கே போகுமா தெற்கே போகுமா என்று தெரியாமல் தபால் பெட்டி முன்னால் நிற்கிறேன். ஃபோன் வேண்டாம் என்றாய், அதுவும் சரிதான். உன் ஃபோனை வைத்து, கட்டிய புருஷன் கர்ட் உன்னைத் தேடிப் பிடித்த விதம் எனக்கு மறக்கவில்லை.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மா முதல் பக்கத்தைப் படித்ததும் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கர்ட் உன்னை நெருங்கக் கூடாது என்று நீ கேட்டிருக்கும் உத்தரவுக்கான ஏப்ரல் நான்காம் தேதி விசாரணைக்கு வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். கர்ட் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் போய் உட்காருவதைவிட ஒரு கைத்துப்பாக்கி வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்வது மேல் என்றும், அதற்கான வகுப்புக்குப் போய்க்கொண்டிருப்பதாகவும், எந்த அளவுத் தோட்டா நல்லது என்று ஆளுக்கொன்று சொல்வதாகவும் எழுதியிருக்கிறாய். "நீங்க சொல்லுங்கப்பா, உங்களுக்குத் தெரியாததா?" என்று கேட்டிருக்கிறாய்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கேள்வி எனக்கு இனித்தது. ஐந்து மாதமாக உனக்கு என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுக்கும் கடைக்கும் நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒன்றை நீ கேட்டுவிட்டாய். முப்பத்தொரு வருடம் ஹாய்ட்டின் துப்பாக்கிக் கடையில் முன்னால் விற்கவும் பின்னால் பழுது பார்க்கவும் செய்தவன் நான். என் பதில் உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நாற்பத்தைந்து. ஒன்று பட்டால் ஆள் உட்கார்ந்துவிடுவான். ஒன்பது மில்லிமீட்டர் அதற்கு முன்னால் கொசுக்கடி.

இன்று காலை கடையில் இதே பேச்சுதான். காபி ஆறிப்போகும்வரை பேசினோம். ஹாய்ட் ஒன்பது என்கிறான். "தாத்தா காலத்துப் பேச்சைப் பேசாத ஓரின். இப்ப தோட்டாவே வேற மாதிரி வருது. ஒம்போதுல பதினஞ்சு ரவுண்டு போகும், உன் பீரங்கியில ஏழு" என்றான். வெறும் ஏழு போட்டுத்தான் என் அப்பன் போரிலிருந்து வீடு திரும்பினான் என்றேன். "அப்ப அவரு சுட்டதவிட ஓடுனதுதான் அதிகமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு டோனட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அங்கே இருந்த ஐந்தாறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவன் முப்பத்தெட்டு ரிவால்வர் என்றான், சின்னது, லேசானது, பெண்கள் கைக்கு அடக்கம் என்று. யாருக்கு என்று கேட்டார்கள். என் பெண்ணுக்கு என்றேன்.

அந்தச் சின்ன ரிவால்வரையும் யோசித்துப் பார். ஆனால் என் ஓட்டு நாற்பத்தைந்துக்குத்தான்.

கதவைப் பூட்டிக்கொள். சாப்பிடு.

உன் அப்பா,
ஓரின்


ஆட்டர் கிரீக்
மார்ச் 17, திங்கள்

அன்புள்ள டெலா,

போன கடிதத்தில் எழுதியதை அடித்துவிடு. எல்லாவற்றையும்.

அதை நான் உறையில் போட்டு ஒட்டும்போது உன் அம்மா பக்கத்தில் நின்றாள். என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள், சொன்னேன். "முப்பது வருஷமா பொம்பளைங்களுக்குத் துப்பாக்கி வித்தீங்களே, அதுல ஒருத்தியயாவது சுட்டுப் பாத்து வாங்கிக்கம்மான்னு சொல்லியிருக்கீங்களா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. எண்ணிப் பார்த்தேன். புருஷன்மார்கள் வருவார்கள், மேசையில் சாய்ந்து நிற்பார்கள், "வீட்டுக்காரிக்கு எதாவது சின்னதா" என்பார்கள். நான் அந்தக் குட்டி ரிவால்வரை எடுத்து வைப்பேன். கைப்பிடி இளஞ்சிவப்பாக இருந்தால் இன்னும் சீக்கிரம் விற்கும். அந்தப் பெண்கள் பாதிப் பேர் காரிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அம்மாவைக் கடைக்குப் பின்னால் உள்ள கல்குழிக்குக் கூட்டிப்போனேன். உன் கையும் அவள் கையும் ஒரே அளவு. உங்கள் இருவருக்கும் ஒரே கையுறைதான் வாங்குவேன். மீன் விருந்தில் மிஞ்சிய காகிதத் தட்டுகளைக் குச்சியில் குத்தி, ஏழு கஜ தூரத்தில் வைத்தேன்.

முதலில் குட்டி ரிவால்வர். ஒரு தடவை சுட்டாள். "அய்யய்யோ" என்று கையை உதறினாள். துப்பாக்கி லேசாக இருக்க இருக்க உதை முழுவதும் கைக்குத்தான் வரும். இது எனக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்துகொண்டேதான் விற்றேன். இரண்டாவது குண்டு மண்ணில் போய் விழுந்தது. மூன்றாவது தடவை விசையை அழுத்துவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டாள். "இத எவனாவது எனக்கு வாங்கிக் குடுத்திருந்தா அவனத்தான் சுட்டிருப்பேன்" என்றாள்.

பிறகு என் நாற்பத்தைந்து. மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்துத் தோட்டாவை ஏற்ற அவளால் முடியவில்லை. மூன்று முறை முயன்றாள், நான் ஏற்றிக் கொடுத்தேன். "டெலா கூப்பிட்டா நீங்க வந்து ஏத்திக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

கடைசியாக ஹாய்ட்டின் ஒன்பது. நடுத்தர அளவு, முழு எஃகு, கொஞ்சம் கனம். பத்துத் தடவை சுட்டாள், ஒன்பது தட்டில் விழுந்தன. பத்தாவதை எண்ண வேண்டாம், அப்போது நான் தும்மினேன். அதனால் எழுதுகிறேன்: ஒன்பது வாங்கு. நாற்பத்தைந்து காற்றில் போவதைவிட ஒன்பது பட வேண்டிய இடத்தில் படுவது நல்லது. கடையில் எவன் என்ன சொன்னாலும் குட்டியாக இருப்பதை வாங்காதே. வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்து ஐம்பது தடவையாவது சுட்டுப் பார். உடம்பை ஒட்டி, விசையை முழுக்க மூடும் உறை வேண்டும், கைப்பையில் போடாதே.

இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். ஹாய்ட்டிடம் சொல்லவில்லை. சொன்னால் கடைக்கு வெளியே பலகை எழுதி மாட்டுவான்.

சனிக்கிழமை கர்ட் கடைக்கு வந்தான். ஒரு பழுது விஷயமாக. பெரிதாக ஒன்றும் இல்லை. பிறகு எழுதுகிறேன். நீ அதை நினைத்துக்கொண்டிருக்காதே.

அம்மா தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். அவள் உள்ளங்கை இன்னும் சிவந்திருக்கிறது.

உன் அப்பா


ஆட்டர் கிரீக்
மார்ச் 26, புதன்

டெலா, என் கண்ணே,

நினைத்துக்கொண்டிருக்காதே என்று எழுதிவிட்டு நான் ஒன்பது நாளாகத் தூங்கவில்லை. இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டேன். இது நாலாவது. இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், திங்கள் அல்லது செவ்வாய் உன் கையில் இருக்கும் என்று அலுவலகத்துப் பெண் சொன்னாள்.

சனிக்கிழமை மத்தியானம் கர்ட் வந்தான் என்றேன் அல்லவா? முன்பக்கம் நிற்காமல் நேராக என் பட்டறை மேசைக்கு வந்தான். ஒரு பிஸ்டலை எடுத்துத் துணி விரித்து அதன்மேல் வைத்தான். எதுவென்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. உங்கள் கல்யாணத்துக்கு நான் கொடுத்த நாற்பத்தைந்து. பெண்ணைக் கட்டுகிறவனுக்கு மாமனார் துப்பாக்கி கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். உன் அம்மாவின் அப்பா எனக்குக் கொடுத்தார், நான் அவனுக்குக் கொடுத்தேன். இரண்டு வாரம் உட்கார்ந்து மேல்பகுதியில் உங்கள் பெயர் இரண்டையும் தேதியையும் என் கையாலேயே செதுக்கினேன். சர்ச் வாசலில் அதை அவன் உயர்த்திக் காட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள். நீயும் தட்டினாய்.

"மாமா, நீங்க குடுத்த சீரு. நீங்களே சரி பண்ணிக் குடுங்க. சுட்டதுக்கப்புறம் காலித் தோட்டா வெளிய வராம சிக்கிக்குது" என்றான். சிரித்துக்கொண்டே பேசினான். அவன் சிரிப்பு உனக்குத் தெரியும். "டெலாவுக்கு எந்த சைஸ் பாத்து வச்சிருக்கீங்க? ஹாய்ட்டு ஒம்போதுன்னு சொன்னதா ஊருக்குள்ள பேச்சு. பாவம், நாப்பத்தஞ்சுக்கு முன்னால ஒம்போது கொசுக்கடின்னு நீங்கதானே மாமா எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?" என்றான்.

அவனுக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அன்று காபி குடித்துக்கொண்டு ஐந்தாறு பேர் நடுவில், என் பெண்ணுக்கு என்று மார்தட்டியது நான்தான். நீ ஊர், பெயர், ஃபோன் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு ஒளிந்திருக்கிறாய். உன் அப்பன், நீ எதற்குப் பயப்படுகிறாய் என்பதையும் அதற்கு என்ன வாங்கப் போகிறாய் என்பதையும் டோனட்டோடு சேர்த்துப் பரிமாறியிருக்கிறான். என்னை நீ திட்டலாம். அம்மா ஏற்கெனவே திட்டிவிட்டாள்.

அவன் போன பிறகு கழற்றிப் பார்த்தேன். ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை. பத்து நிமிட வேலை. அந்த ஸ்பிரிங் கடையில் இல்லை, வெளியிலிருந்து வர வேண்டும் என்று அவனுக்கு ஃபோனில் சொன்னேன். அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறான். "வந்துடுச்சா மாமா?" என்பான். இன்னும் வரவில்லை என்பேன். "அவசரமில்ல. நாலாம் தேதிக்குள்ள கிடைச்சா போதும்" என்றான் நேற்று. விசாரணைத் தேதியைத்தான் சொன்னான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வெள்ளிக்கிழமை கடையில் யாரும் இல்லாதபோது அரத்தை எடுத்தேன். சரியான இடத்தில் இரண்டு இழுப்பு போதும், அது இனி ஒருக்காலும் சுடாது, பார்த்தால் தெரியவும் தெரியாது. முப்பத்தொரு வருடத்தில் ஒரு துப்பாக்கியைக்கூட நான் கெடுத்துக் கொடுத்ததில்லை. அன்று கெடுத்திருப்பேன். அரத்தைக் கீழே வைத்தது நேர்மையால் அல்ல. வாங்கிப்போனதும் முதல் வேலையாக அவன் கல்குழியில் சுட்டுப் பார்ப்பான். சுடவில்லை என்றால் எந்தக் கடைக்குப் போனாலும் அரை மணி நேரத்தில் வேறொன்று வாங்கிவிடலாம். ஹாய்ட்டின் கடையிலேயே வாங்கலாம். இன்றைக்கு அவன்மேல் இருக்கும் தற்காலிக உத்தரவில் துப்பாக்கியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

நான்காம் தேதி நீதிபதி முழு உத்தரவு போட்டால் அது வேறு. இரண்டு நாளாக விசாரித்தேன், வழக்கில் உனக்கு உதவும் அந்த அம்மாவிடமும் பேசினேன். அந்த உத்தரவு இருக்கிறவன் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். இந்த நாட்டின் எந்தத் துப்பாக்கிக் கடையில் கணினியில் அவன் பெயரைத் தட்டினாலும் முடியாது என்று வரும். இந்தப் பிஸ்டலை அவனிடம் திருப்பிக் கொடுத்தால் நான் ஜெயிலுக்குப் போவேன். திருப்பிக் கொடுக்காமல் இருக்க அப்படி ஒரு நல்ல காரணத்துக்காகத்தான் காத்திருக்கிறேன். நீ வரவில்லை என்றால் வழக்கைத் தள்ளிவிடுவார்கள். தள்ளிவிட்டால் மறுநாள் சனிக்கிழமை காலை அவன் என் மேசை முன்னால் நிற்பான். அது அவன் பொருள், ரசீது அவனிடம் இருக்கிறது. நான் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

நீதிமன்றத் தாள் குண்டைத் தடுக்காது என்று நீ முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். உண்மை, தடுக்காது. அதனால் ஒன்பதையும் வாங்கு, அதைச் சுடவும் நன்றாகப் பழகு. ஆனால் எந்த அளவுத் தோட்டா என்று நீ கேட்டதும், வேறு எதையும் யோசிக்காமல் துள்ளிக் குதித்துப் பதில் எழுதினேனே, அது என் தப்பு. விசாரணைக்கு வா என்றுதான் அன்றே எழுதியிருக்க வேண்டும். அவன் எதிரில் உட்காரப் பயமாக இருக்கிறது என்று என் பெண் எழுதுகிறாள், நான் தோட்டாவைப் பற்றி மூன்று பக்கம் எழுதுகிறேன்.

நீ இங்கே வர வேண்டாம். அந்த அம்மா நீதிபதியிடம் பேசி அனுமதி வாங்கிவிட்டாள். நீ இருக்கும் இடத்திலிருந்தே ஒரு திரையின் முன் உட்கார்ந்து பேசலாம். பின்னால் வெறும் சுவர் இருக்க வேண்டும், ஜன்னல் கூடாதாம். அவன் உனக்கு ஒரு சின்னக் கட்டத்துக்குள் தெரிவான், தபால்தலை அளவுக்கு. பார்க்காமலும் இருக்கலாம். நான்காம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை. நானும் அம்மாவும் இங்கே நீதிமன்றத்தில் முதல் வரிசையில் இருப்போம். அவன் பட்டறையில் பேசியதை நான் சத்தியம் செய்து சொல்வேன். அந்தத் துப்பாக்கியை யார் கொடுத்தது என்றும் சொல்வேன். ஊர் சிரிக்கட்டும். ஹாய்ட்டும் வந்து சாட்சி சொல்கிறேன் என்கிறான், தன் கடையில்தானே பேச்சு கிளம்பியது என்று நேற்று என் முன்னால் அழுதுவிட்டான்.

பிஸ்டல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கழற்றித்தான் வைத்திருக்கிறேன். மேல்பகுதி தனியாகக் கிடக்கிறது, அதில் உன் பெயர் இருக்கிறது. இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. எழுத்து நன்றாக வந்திருக்கிறது, டெலா. அவ்வளவு ஆசையாகச் செதுக்கியிருக்கிறேன்.

கர்த்தர் உன் வாசலில் காவல் நிற்கட்டும். நீ எந்த ஊரில் இருந்தாலும், வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு ஒரு வெறும் சுவருக்கு முன்னால் உட்காரு. ஸ்பிரிங் போன செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது, என் சட்டைப் பையில் இருக்கிறது. நாளை கேட்டாலும், திங்கட்கிழமை கேட்டாலும் இன்னும் வரவில்லை என்றுதான் சொல்வேன். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அவனிடம் சொல்ல என்னிடம் வேறு பொய் இல்லை, தாயே.

உன் அப்பா,
ஓரின்